அளவும் அமானிதமும்: மருந்துச் சோதனை பற்றிய ஓர் அறநோக்கு

இதயத் துடிப்பைக் கோடுகளாக வரைந்து காட்டும் தாளை நம்மிற் பலர் கண்டிருப்பர். கல்முனையிலுள்ள ஆதார வைத்தியசாலைகளில் நாள்தோறும் அத்தகைய தாள்கள் எத்தனையோ வரையப்படுகின்றன. செந்நிறக் கட்டங்கள் நிறைந்த அத்தாளில் மிகச் சிறிய கட்டம் ஒன்றின் அகலம் 1 மில்லிமீற்றர். தாள் வழமையான வேகத்தில், அதாவது செக்கனுக்கு 25 மில்லிமீற்றராக, நகரும்போது அச்சிறு கட்டம் 40 மில்லி செக்கனைக் குறிக்கும். புதிய மருந்தொன்று இதயத்தின் தாளத்தைக் கெடுக்கக்கூடுமோ என்று ஐயுறுவதற்கு உலகின் மருந்துக் கட்டுப்பாட்டுச் சபைகள் கைக்கொள்ளும் எல்லையோ 10 மில்லி செக்கன். தாளிலே அது கால் மில்லிமீற்றர். வெறுங் கண்ணுக்குப் புலப்படுவதே அரிது.

அக்கால் மில்லிமீற்றரை அளப்பதற்குத் தம் உடலைக் கொடுத்தவர் யாவர், அவ்வளவினாற் பயன்பெறுபவர் யாவர், இவ்விரு சாராருக்கும் இடையே உள்ள அறவுறவு யாது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். இது மருத்துவர்க்கு மட்டும் உரிய வினாவன்று. மருந்துச் சீட்டோடு வரிசையில் நிற்கும் ஒவ்வொருவரும் இவ்வுறவின் ஒரு முனையில் நிற்கின்றனர். மறுமுனையில் நிற்பவரின் முகம் அவர்க்குத் தெரிவதில்லை.

ஒல்லாந்தின் லெய்டன் நகரிலிருந்த வில்லெம் ஐந்தோவன் கடந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் இதயத்தின் மின்னோட்டத்தை வரையும் கருவியை ஆக்கி, அக்கோட்டின் ஏற்ற இறக்கங்களுக்குப் பீ, கியூ, ஆர், எஸ், ரீ என எழுத்துகளாற் பெயரிட்டார். 1924 ஆம் ஆண்டின் நோபல் பரிசு அதற்காகவே அவருக்கு வழங்கப்பட்டது. கியூவின் தொடக்கத்திலிருந்து ரீயின் முடிவுவரை உள்ள காலம், இதயவறைகள் ஒருமுறை சுருங்கி மீண்டும் தம்மைத் தயார்ப்படுத்திக்கொள்ள எடுக்கும் காலமாகும். உயிரணுக்களிலிருந்து பொற்றாசியம் வெளியேறுவதாலேயே அத்தயார்நிலை உண்டாகிறது. சில மருந்துகள் அவ்வெளியேற்றத்தின் வாயிலை அடைத்துவிடுகின்றன. அப்போது கியூ-ரீ இடைவெளி நீளும். நீண்ட இடைவெளி ஒருவருக்கு எவ்வித உணர்வையும் தராது, நோவில்லை, காய்ச்சலில்லை. ஆயினும், 1966 இல் பிரெஞ்சு மருத்துவர் தெசர்த்தென் விவரித்த முறுக்கிய துடிப்பு அந்த நீட்சியிலிருந்து திடீரெனப் பிறக்கலாம். அது நில்லாதுவிடின் மனிதர் மயங்கி வீழ்வார்; சிலர் எழுவதில்லை.

இவ்வாபத்து உலகின் கவனத்தை ஈர்த்தது தும்மலுக்குக் கொடுத்த ஒரு மருந்தினாலாகும். தெர்பெனடின் என்னும் அம்மருந்து ஐக்கிய அமெரிக்காவில் 1985 முதல் விற்பனையாயிற்று. உறக்கம் தராத ஒவ்வாமை மருந்து என்று பலரும் விரும்பி உட்கொண்டனர். 1990 இல் வெளிவந்த மருத்துவக் குறிப்பொன்று, அதனுடன் கீற்றோகொனசோல் என்னும் பூஞ்சை மருந்தையும் சேர்த்து உட்கொண்ட 39 வயதுப் பெண்ணொருவர் முறுக்கிய துடிப்புக்கு ஆளானதை எடுத்துரைத்தது. தெர்பெனடினை ஈரலிலுள்ள நொதியமொன்று சிதைத்து அப்புறப்படுத்தும். இரண்டாவது மருந்து அந்நொதியத்தைத் தடுத்துவிட, முதலாவது உடலிற் குவிந்தது. தனித்தனியே ஏற்கத்தக்கனவாகத் தோன்றிய இரண்டு, ஒன்றுசேர்ந்து தீங்காயின. 1998 இல் அம்மருந்து அங்கு சந்தையிலிருந்து நீங்கிற்று. 2005 இல், புதிய மருந்துகளைச் சுகதேகிகளான தொண்டர்களுக்குக் கொடுத்து, சிலவேளை சிகிச்சைக்கு வேண்டியதிலும் கூடிய அளவிற் கொடுத்து, கியூ-ரீ இடைவெளியை நுணுக்கமாக அளக்கவேண்டும் என்ற சர்வதேச வழிகாட்டி வகுக்கப்பட்டது. மேலே கூறிய 10 மில்லி செக்கன் எல்லை அவ்வழிகாட்டியிலிருந்து வந்ததே. எல்லையைத் தாண்டிய மருந்து உடனே விலக்கப்படுவதில்லை. மேலும் கூர்ந்து ஆராயப்படும். அளக்கும் முறை பிழையற்றதென உறுதிசெய்வதற்காக, இடைவெளியைச் சிறிது நீட்டும் என்று முன்னரே அறியப்பட்ட மொக்சிபுளொக்சசின் போன்றதொரு மருந்தையும் அத்தொண்டர்களுக்குக் கொடுப்பர். நோயற்றவருக்கு, நோய்க்கென அல்லாது, தாளத்தைச் சற்று நீட்டும் என்று தெரிந்தே மருந்து கொடுக்கப்படுகிறது என்பது இவ்விடத்து மனங்கொள்ளற்பாலது.

எச்.ஐ.வி. தொற்றுக்கான சிகிச்சையில் இவ்வினா இன்னும் கூர்மையடைகிறது. அத்தொற்றுடையோர் ஒரே காலத்திற் பல மருந்துகளை, அதுவும் வாழ்நாள் முழுவதும் உட்கொள்ளவேண்டியவர்கள். அம்மருந்துகளுள் ஒன்றான ரிட்டோனாவிர், தெர்பெனடினைக் கொடியதாக்கிய அதே நொதியத்தை வேண்டுமென்றே தடுப்பதற்காகக் கொடுக்கப்படுவது. உடன்கொடுக்கும் மருந்து உடலில் நெடுநேரம் தங்குவதே அதன் நோக்கம். சகுவினாவிர் என்னும் மருந்து 1995 டிசம்பரில் அங்கீகாரம் பெற்றது. அவ்வகை மருந்துகளுள் அதுவே முதலாவது. சாவின் வாயிலில் நின்றவர்கள் அதனைக் கைநீட்டி வாங்கினர். வேறு வழியும் அவர்களுக்கு இருக்கவில்லை. ரிட்டோனாவிருடன் சேர்த்துக் கொடுக்கும்போது அது இதயத் தாளத்தின் இடைவெளிகளை நீட்டுகிறது என்ற எச்சரிக்கை 2010 இலேயே வெளியாயிற்று. சுகதேகிகளைக் கொண்டு நடத்திய சோதனையொன்றிலேயே அவ்வுண்மை வெளிப்பட்டது. இடையிற் கழிந்தவை ஏறத்தாழ 15 ஆண்டுகள். இதற்கு மாறாக, 2011 இல் அங்கீகாரம் பெற்ற றில்பிவிரின் என்னும் மருந்தைச் சோதித்தபோது 75 மில்லிகிராம் அளவிலேயே இடைவெளி 10 மில்லி செக்கனுக்கு மேல் நீண்டது. ஆதலின் நோயாளர்க்கு 25 மில்லிகிராமே விதிக்கப்பட்டது. முன்னதில் நோயாளர் தம்மையறியாமலே சோதனைப் பொருளாயினர். பின்னதில் யாரோ சில சுகதேகிகள் அவர்களுக்கு முன்னே சென்று வழியைப் பார்த்து வந்தனர்.

எங்கள் பக்கத்தில் நாட்டு வைத்தியரைப் பரிசாரியார் என்போம். என் உம்மம்மாவின் மார்பு படபடத்த காலத்தில் மருதமுனையிலிருந்து வந்த முதிய பரிசாரியார் ஒருவர், முந்தானையால் மூடிய அவரது மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்து நெடுநேரம் கண்மூடியிருந்ததைச் சிறுவனாயிருந்தபோது பார்த்திருக்கிறேன். அயலிலுள்ள இன்னொரு பெண்ணுக்குக் கொடுத்த சூரணத்தையே தமக்கும் தரும்படி உம்மம்மா கேட்டதும் அவர் சிறிது சினந்தார். “அது அவட நாடி புள்ள; இது ஒண்ட நாடி. ஒரு நாடிய மற்ற நாடியோட வெச்சிப் பாக்க ஏலா” என்றார். அவருடைய அளவு, அளக்கப்பட்டவருக்கே உரியது. விரலை எடுத்தவுடன் அதன் பயன் முழுவதும் அக்கையின் உடையவரிடமே சேர்ந்தது. அறவியற் சிக்கல் எதுவும் அங்கில்லை.

ஆனால் அவர் கொடுத்த மருந்து பாதுகாப்பானது என்று அவருக்கு எவ்வாறு தெரிந்தது? அவருக்கு முன் எத்தனையோ தலைமுறையினரின் உடல்களிலிருந்து அவ்வறிவு திரண்டது. எவரும் எழுதிவைக்காத, எவரும் இசைவு கேட்காத சோதனை அது. பழமையைப் போற்றுவோர் இதனை மறந்துவிடுகின்றனர். நாடித்துடிப்பை நுணுகி ஆராய்ந்ததோடு இதயத்துக்குரிய மருந்துகள் பற்றித் தனி நூலும் எழுதிய இப்னு சீனா (980–1037), மருந்தைச் சோதிப்பதற்கான விதிகளையும் தமது மருத்துவப் பெருநூலில் வகுத்தார். விலங்குகளிற் செய்த சோதனை மனிதருக்குப் பொருந்தாது போகலாம். ஆதலின் முடிவில் மனித உடலிலேயே மருந்து சோதிக்கப்படவேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்றாகும். ஆயிரம் ஆண்டுகளாகியும் அவ்விதி மாறவில்லை. யாரோ ஒருவர் முதலில் உட்கொள்ளத்தான் வேண்டும்.

அந்த ஒருவர் யார் என்பதே வினா. இதற்கு விடை தேடும்போது நம் சமூகத்தில் வழங்கும் ஒரு கருத்து துணைபுரியும் என நினைக்கிறேன். இஸ்லாமியச் சட்டவியல் கடமைகளை இருவகையாகப் பிரிக்கும். ஒவ்வொருவரும் தாமே செய்தாகவேண்டியவை ஒருவகை. சமூகத்திற் சிலர் செய்துவிட்டால் ஏனையோரின் பொறுப்பு நீங்கிவிடுவனவும், எவருமே செய்யாவிடின் அனைவரையும் குற்றவாளிகளாக்குவனவும் மற்றொரு வகை. பின்னதைப் பர்ளு கிபாயா என்பர். மரித்தவரைக் குளிப்பாட்டிக் கபனிட்டுத் தொழுது அடக்குவது அதற்கு யாவரும் அறிந்த எடுத்துக்காட்டு. மருத்துவக் கல்வியும் இவ்வகைக் கடமையே என்று இமாம் கஸ்ஸாலி (1058–1111) கருதினார்; எல்லாரும் சட்டக் கல்வியையே நாடி ஓடுவதால் ஊர்களில் மருத்துவர் இல்லாமற்போவதைக் கடிந்தும் எழுதினார்.

மருத்துவர் ஆவது கிபாயாக் கடமையாயின், அம்மருத்துவர் கையாளும் மருந்தைச் சோதிப்பதற்கு உடல் கொடுப்பதும் அத்தகையதே என்பது என் கருத்து. மருந்து எல்லாருக்கும் வேண்டும். சோதனை இன்றிப் பாதுகாப்பான மருந்து இல்லை. எல்லாரும் சோதனைக்கு உட்படவேண்டியதில்லை. சிலர் உட்பட்டாற் போதும். கிபாயாவின் இலக்கணம் முற்றும் பொருந்துகிறது.

இங்கு ஒரு தடை எழுகிறது. மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ் 1969 இல் எழுதிய கட்டுரையொன்றில், மருத்துவ முன்னேற்றம் விரும்பத்தக்கதேயன்றிக் கட்டாயமானதன்று என வாதித்தார். நம் முன்னோர்க்கு நாம் கடன்பட்டிருக்கலாம். அக்கடனைக் காட்டி ஒருவரின் உடலைக் கேட்கும் உரிமை சமூகத்துக்கு இல்லை என்பது அவர் கருத்தின் சாரம். இதில் உண்மை உண்டு. அலபாமா மாநிலத்தின் டஸ்கீகியில் 1932 முதல் 1972 வரை, கிரந்தி நோயுற்ற கறுப்பின ஆண்களைச் சிகிச்சையின்றி விட்டுவிட்டு நோயின் போக்கை மட்டும் குறித்துவந்தவர்களும் பொதுநலத்தின் பெயராலேயே அதனைச் செய்தனர். ஆதலின் கடமை என்ற சொல்லை மிக அவதானமாகவே கையாளவேண்டும். கிபாயாக் கடமையின் சிறப்பு, அது எந்தத் தனியாளையும் பெயர் சொல்லி அழைக்காமையே. முன்வருபவர் தாமாகவே முன்வருகிறார். வராதவரை எவரும் இழுத்துச் செல்வதில்லை. ஆயினும் எவரும் வராதபோது வெட்கம் ஊருக்கே உரியது.

யோனாஸ் சொன்ன இன்னொன்று எனக்கு மேலும் பிடித்தது. சோதனையின் நோக்கத்தை நன்கு உணர்ந்தவர்களும் அறிவும் வசதியும் உடையவர்களுமே முதலில் அழைக்கப்படவேண்டும். ஆய்வாளர் தம்மிலிருந்தே தொடங்குவது நன்று என்றார் அவர். நடைமுறையோ இதற்கு நேர்மாறு. எங்கள் ஊர்களில் கபுறு வெட்டுவோரை எடுத்துக்கொள்வோம். ஜனாஸாத் தொழுகையில் முன் வரிசைக்குப் பலர் முண்டியடிப்பர். மண்வெட்டியை எடுப்பவர்களோ பெரும்பாலும் அதே நாலைந்து பேர், கூலிக்காரர், கடற்றொழிலாளர். சட்டப்படி ஊரின் கடமை நிறைவேறிவிட்டது. ஆனால் எப்போதும் ஒரே சிலர் தோண்ட, எப்போதும் ஒரே பலர் விடுபடுவது கிபாயாவின் உட்கருத்தோடு இயைவதா? பணத்துக்காக மருந்துச் சோதனைக்குத் தம்மைக் கொடுக்கும் சுகதேகிகளும் பெரும்பாலும் பணம் தேவைப்பட்டவர்களே. 2006 இல் இலண்டனின் நோத்விக் பார்க் மருத்துவமனையில் புதிய மருந்தொன்றை முதன்முதலாக ஏற்றிக்கொண்ட ஆறு இளைஞர்களும் உறுப்புகள் பழுதுற்றுத் தீவிர சிகிச்சைக்கு உள்ளாயினர். அவர்கள் கூலி பெற்றவர்கள் என்பதனாலே நமது கடன் தீர்ந்துவிட்டது என்று கூறுவோர், கபுறு வெட்டியவனுக்குத் தேநீர் கொடுத்ததோடு கணக்கு முடிந்தது என்பாரை ஒத்தவர்.

இலங்கையர் இவ்விடயத்திற் பெரிதும் பெறுபவராகவே இருந்துவந்துள்ளோம். 1987 இல் நம் நாட்டவர் ஒருவரிடம் இத்தொற்று முதன்முதலாகக் கண்டறியப்பட்டது. 2004 முதல் அரசு மருந்துகளை இலவசமாக வழங்கிவருகிறது. தாயிடமிருந்து சேய்க்குத் தொற்று செல்வதை ஒழித்த நாடு என்று 2019 இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்றளித்தது. இது பெருமைக்குரியதே. ஆயினும் தாய்க்கு மருந்து கொடுத்துச் சேயைக் காக்கலாம் என்பது 1994 இல் அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த ஆய்வொன்றால் நிறுவப்பட்டது. அதில் தாய்மாரில் ஒரு பாதியினர்க்கு வெறும் மாத்திரையே கிடைத்தது. அதன் பின்னரும், குறுகிய கால மருந்து போதுமா என்று அறிவதற்காகத் தாய்லாந்திலும் ஆபிரிக்காவிலும் வெறும் மாத்திரை கொடுக்கும் ஆய்வுகள் நடந்தன. காக்கும் மருந்து உண்டு என்று தெரிந்தபின் இவ்வாறு செய்வது தகுமா என 1997 இல் பெரும் விவாதம் எழுந்தது. விவாதம் இன்றும் முடிந்தபாடில்லை. அவ்வாய்வுகளின் பயன் மட்டும் நமது தாய்சேய் நிலையங்கள்வரை வந்துசேர்ந்தது.

அண்மையிலுள்ள சென்னையை நோக்குவோம். ஒருவர் தொற்றுடையவராகவும் மற்றவர் தொற்றற்றவராகவும் உள்ள 1763 இணையர்களை ஒன்பது நாடுகளிற் சேர்த்து ஓர் ஆய்வு நடந்தது. சென்னையும் புனேயும் அதில் இடம்பெற்றன. ஒரு சாராருக்கு உடனே மருந்து. மறு சாராருக்கு, அக்காலத்து விதிப்படி, நோயெதிர்ப்பாற்றல் குன்றிய பின்னரே மருந்து. 2011 இல் முடிவு வெளியாயிற்று. இணையரிடமிருந்தே வந்ததென நிறுவப்பட்ட புதிய தொற்றுகள் 28. அவற்றுள் 27 மருந்து தாமதித்தோர் பக்கம். மருந்து உட்கொள்பவரிடமிருந்து தொற்று பரவுவது பெரிதும் தடைப்படுகிறது என்ற, இன்று உலகெங்கும் தம்பதியரை அச்சமின்றி வாழச்செய்யும் அறிவு அந்த 27 பேரின் கணக்கிலிருந்து பிறந்தது. எவரும் அவர்களை ஏமாற்றவில்லை. ஆலோசனையும் காப்புறையும் வழங்கப்பட்டன. அக்கால விதி மீறப்படவுமில்லை. எனினும் அந்த எண்ணை எழுதும்போது என் கை சற்றுத் தயங்குகிறது.

சென்னை நிலையத்தின் வரலாற்றில் இன்னொரு அளவும் உண்டு. 1986 இல் சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியை சுனிதி சொலமனின் வழிகாட்டலில், செல்லப்பன் நிர்மலா என்னும் மாணவி பெண்கள் பலரின் இரத்த மாதிரிகளைச் சேகரித்தார். அவை வேலூரிற் சோதிக்கப்பட்டன. ஆறு மாதிரிகளில் தொற்று காணப்பட்டது. இந்தியா தன்னிடம் நோய் இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்த காலம் அவ்வாறே முடிந்தது. அப்பெண்களுட் பலர் காப்பகத்தில் அடைபட்டிருந்தவர்கள்; எதற்காக இரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. பின்னைய ஆண்டுகளில், தொற்றுடையோர் எனக் கண்ட பெண்கள் விடுதலைக் காலம் கடந்தும் காப்பகத்தில் வைக்கப்பட, உயர் நீதிமன்றம் தலையிட்டே அவர்களை வெளியேற்றவேண்டியதாயிற்று. ஆய்வாளரின் நோக்கம் தூயதே. சுனிதி சொலமன் 1993 இல் நிறுவிய நிலையம் பல்லாயிரவர்க்குச் சிகிச்சை அளித்தது. ஆனால் அளவு என்பது அளந்தவரின் நிய்யத்தோடு நின்றுவிடுவதில்லை. அது கைமாறும். மருத்துவரின் கையிலிருந்தது காவலரின் கைக்குச் செல்லும்.

இங்கேதான் அமானிதம் என்ற சொல் எனக்கு வேண்டியதாகிறது. ஒருவர் நம்பி ஒப்படைத்த பொருளை, அவருக்கே உரியதாகக் கருதிக் காப்பதை நாம் அமானிதம் பேணுதல் என்கிறோம். உடலிலிருந்து பெறும் எண்ணும் அவ்வாறு ஒப்படைக்கப்பட்டதே. அதனைப் பிறர் நலத்துக்காகப் பயன்படுத்த உடையவர் இசையலாம். அவருக்கு எதிராகத் திருப்புவது மோசடி.

காப்பதாகச் சொல்லி விலக்குவதும் அம்மோசடிக்கு நெருங்கிய உறவினது. 1977 இல் அமெரிக்க மருந்து நிருவாகம், கருத்தரிக்கக்கூடிய பெண்களை மருந்துகளின் தொடக்கநிலைச் சோதனைகளிலிருந்து விலக்குமாறு வழிகாட்டியது. பிறவாக் குழந்தைகளைக் காப்பதே நோக்கம். 1993 வரை அது நீடித்தது. பெண்களின் கியூ-ரீ இடைவெளி இயல்பாகவே ஆண்களினதிலும் சற்று நீளமானது. மருந்தினால் விளையும் முறுக்கிய துடிப்புக்கு ஆளானோரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் பெண்களே. அளக்கப்படாதவர்கள் காக்கப்படவில்லை. கடைத்தெருவிலே மருந்தை வாங்கி, அளப்பாரின்றித் தாமே சோதனைக்குள்ளாயினர்.

இதே கதை 2018 இல் மறுபடி நிகழ்ந்தது. டொலுடெக்ராவிர் என்னும் சிறந்த மருந்தைக் கருத்தரிக்கும் வேளையில் உட்கொண்ட பொட்ஸ்வானாத் தாய்மாரின் 426 பேறுகளில் நான்கு குழந்தைகளுக்கு நரம்புக்குழாய்க் குறைபாடு காணப்பட்டது. எச்சரிக்கை விடுத்தது சரியே. ஆனால் சில நாடுகள் அம்மருந்தைப் பெண்களுக்கே மறுத்தன. அவ்வாண்டு கிகாலி நகரிற் கூடிய தொற்றுடைய ஆபிரிக்கப் பெண்கள், ஆபத்தைச் சொல்லுங்கள், தெரிவை எங்களிடம் விடுங்கள் என்ற பொருள்பட அறிக்கை விடுத்தனர். மேலும் பல பேறுகள் கணக்கிடப்பட்டபோது அவ்வேறுபாடு மிகச் சிறிதாயிற்று, பின்னர் மறைந்தது. 2019 ஜூலையில் அம்மருந்து யாவர்க்கும் உரியதெனப் பரிந்துரைக்கப்பட்டது. காத்திருந்த பெண்கள் அதற்கிடையில் உட்கொண்டவை, தலைசுற்றும் தீக்கனவும் தரும் பழைய மாத்திரைகள்.

மருந்துக்கு அஞ்சி மருந்தைக் குறைப்பதும் காப்பாகாது என்பதை இதயத்தின் தொடர்பிலேயே உலகம் கற்றது. 5472 நோயாளர் பங்குகொண்ட பெரிய ஆய்வொன்று, மருந்தை இடையிடையே நிறுத்தினால் அதன் நச்சுத்தன்மையிலிருந்து இதயம் முதலிய உறுப்புகள் தப்பும் என்று எதிர்பார்த்தது. 2006 ஜனவரியில் அது இடைநிறுத்தப்பட்டது. நிறுத்தியோரிடையே மரணமும் இதய நோயும் மிகுந்திருந்தன. அளக்காமல் ஊகித்திருந்தால் நல்லெண்ணத்தோடேயே பலரை இழந்திருப்போம்.

இனி எம் கரையோரத்துக்குத் திரும்புவேன். மருதமுனை முதல் அக்கரைப்பற்றுவரை, மத்தியகிழக்குக்குப் பிள்ளையை அனுப்பாத தெரு அரிது. செல்பவர் முதலில் மருத்துவச் சோதனைக்கு உட்படவேண்டும், எச்.ஐ.வி. சோதனையும் அதிலடங்கும். தொற்றுடையோர்க்கு வளைகுடா நாடுகள் வேலை விசா வழங்குவதில்லை. அங்கு சென்றபின் அறியப்பட்டாலும் திருப்பி அனுப்புவர். எனது உறவினரின் மகன் ஒருவன் சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய சோதனைக்குச் சென்றான். இரத்தமும் எடுத்தனர், மார்பைப் படமும் பிடித்தனர். திரும்பிவந்தபோது அவன் கையில் ஒரேயொரு சொல் இருந்தது: அன்பிட். காரணம் கேட்டதற்கு, அதைச் சொல்ல எங்களுக்கு அனுமதியில்லை என்றனராம். சொல் ஊருக்குள் நுழைந்ததும் பொருள் தானே முளைத்தது. அதே நோய்தான் என்றனர். பேசிவைத்திருந்த கலியாணம் குழம்பியது. அவனது வாப்பா பள்ளிவாசலில் வழமையாக நிற்கும் தூணருகே நிற்பதை விட்டார். ஏறத்தாழ ஓராண்டு அவன் எந்த வைத்தியசாலைக்கும் போகவில்லை. உண்மையாயிருந்துவிடுமோ என்ற பயம்.

முடிவில் நெஞ்சு நோவென்று வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லப்பட்டபோதுதான், சிறுவயதிலே வந்து ஆறிய சயரோகத்தின் வடு அவனது நுரையீரலில் இருப்பது தெரியவந்தது. தடைக்குக் காரணம் அதுவே. எச்.ஐ.வி. தொற்று இல்லை. இதனைச் சொல்லும்போது கேட்போர் எல்லாரும் நிம்மதிப் பெருமூச்சு விடுகின்றனர்; அப்பெருமூச்சு எனக்கு உவப்பானதன்று. தொற்று இருந்திருந்தால் அவனுக்கு நேர்ந்தது நியாயமாகிவிடுமா? அப்போது அந்த ஓராண்டு அவனது உயிரையே கொண்டுபோயிருக்கும். சென்னையிலும் பொட்ஸ்வானாவிலும் முகமறியாதோர் தம் உடலால் ஈட்டித்தந்த மருந்து, இலவசமாக, ஒரு பஸ் பயணத் தூரத்தில் அவனுக்காகக் காத்திருந்திருக்கும். இடையே நின்றது நாங்கள். தோண்டியவர்கள் தோண்டிவிட்டனர், தொழவேண்டியவர்களாகிய நாம் ஜனாஸாவை வழிமறித்து நின்றோம் என்றே சொல்லத் தோன்றுகிறது.

அன்று வாட்டில் அவனுக்கு ஈ.சீ.ஜீ. எடுத்தபோது நானும் உடனிருந்தேன். செந்நிறக் கட்டத்தாள் மெதுவாக வெளிவந்தது. தாதி அதைக் கிழித்தெடுத்து மடிக்கையில், அவன் கட்டிலில் எழுந்திருந்து, “மிஸ்ஸி, இத ஆருக்கு அனுப்புவீங்க?” என்று கேட்டான். அவருக்கு வினா விளங்கவில்லை. “ஆருக்கும் இல்ல தம்பி, ஒங்கட பைலுக்குத்தான்” என்றார். அவன் அத்தாளை வாங்கி நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தான்.